ஒற்றைக் காதுக்கும் கொஞ்சம் கதை சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் ஒலிக்கதைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினால் கதை நடக்கிற இடத்துக்கே போய்விடலாம், மழை தலைக்கு மேலே பெய்யும், பேய் முதுகுப் பக்கம் நின்று மூச்சு விடும் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். நான் ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் அதற்கெல்லாம் இரண்டு காதும் கேட்க வேண்டும். எனக்கு ஒன்றுதான் கேட்கும்.

ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. ஊர் வழக்கப்படி பாட்டியின் சங்கிலியைக் கழுத்தில் போட்டுவிட்டார்கள், வீக்கம் வடிந்தது, சங்கிலியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், இடது காது மட்டும் திரும்பி வரவில்லை. (சங்கிலி மேல் பழி இல்லை. அந்த நோய்க்கே அப்படி ஒரு குணம் உண்டாம், எப்போதாவது ஒரு காதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும்.) அந்த ஒற்றைக் காதை வைத்துக்கொண்டுதான் திருச்சி வானொலியில் பல வருஷம் நாடகம் நடித்தேன், பி கிரேடு கேஷுவல் ஆர்ட்டிஸ்டாக. ஒருநாளும் அது குறையாகத் தெரிந்ததில்லை. கேட்பவர் வீட்டில் இருந்ததும் ஒரே ஸ்பீக்கர்தானே!

அப்போது தூரமெல்லாம் எங்கள் காலில் இருந்தது. "ஐயா, மோசம் போயிட்டோம்யா" என்று ஓடி வருகிறவன் மைக்குக்குப் பத்தடி தள்ளி நின்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பித்தான் ஆரம்பிப்பான், அப்படியே கத்திக்கொண்டு நெருங்கி வந்து கடைசி வார்த்தைக்கு மைக் முன்னால் நிற்பான். ரகசியம் பேச ஒரு சாண் தூரம், வாயைக் கொஞ்சம் சாய்த்து, இல்லாவிட்டால் 'ப'வுக்கெல்லாம் காற்று புஸ்ஸென்று அடிக்கும். தட்டில் பரப்பிய சரளைக்கல் நடைச்சத்தம், இரண்டு கொட்டாங்கச்சி குதிரை. முன்னால் பின்னால் உண்டு, இடம் வலம் கிடையாது. அதனால் யாருக்கும் எதுவும் தப்பிப் போகவில்லை.

இப்போது இடம் வலமும் வந்துவிட்டது. உண்மையில் இது நேற்று முளைத்த சமாச்சாரம் இல்லை. 1881-இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் ஆபரா என்கிற இசைநாடக மேடையிலிருந்து டெலிபோன் கம்பி இழுத்து, காதுக்கு ஒன்றாக இரண்டு ரிசீவர் கொடுத்து, பாடகர் மேடையில் எந்தப் பக்கம் நகர்கிறார் என்பதுவரை கேட்க வைத்தார்கள். 1973-இல் பெர்லினில், காது மடல் வைத்த பொம்மைத் தலைக்குள் இரண்டு மைக்கைப் பொருத்திப் பதிவு செய்த வானொலி நாடகத்தையே ஒலிபரப்பினார்கள். சூட்சுமம் எளியதுதான். இடப்பக்கச் சத்தம் இடது காதுக்கு முதலில் வரும், வலது காதுக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாத தாமதத்தில், தலை மறைப்பதால் கொஞ்சம் மங்கலாக வரும். காது மடலின் மடிப்புகளும் சத்தத்தை லேசாக மாற்றும், மேலே கீழே முன்னே பின்னே என்று பிரித்தறிய அது உதவுகிறது. இன்று பொம்மைத் தலையே வேண்டாம், கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு இதையெல்லாம் செய்துவிடுகிறது. சத்தம் நாலாபக்கமும் தலைக்கு மேலேயும் இருந்து வருவதுபோலக் கேட்க வைக்கிற 'டால்பி அட்மாஸ்' முறை 2012-இல் தியேட்டருக்கு வந்தது, இப்போது பேத்தியின் போனில் இருக்கிறது.

அந்தப் பேத்திதான் போன மாதம் ஒரு கொலைக் கதையைக் கேட்க வைத்தாள், மொத்தம் பத்துப் பகுதி. முதல் பகுதியில் ஒரு பழைய பங்களா. வலது பக்கம் கதவு கிறீச்சிட்டது, மாடிப்படியில் யாரோ இறங்கினார்கள், கடிகாரம் அடித்தது, அப்புறம் ஒன்றுமில்லை. நான் காத்திருக்கிறேன். ஒரு நிமிஷம் கழித்து அந்தப் பெண் வீலென்று அலறினாள். எதற்கு? பேத்தியைக் கேட்டால், "தாத்தா, அவ காதுல அவன் கிசுகிசுன்னு என்னமோ சொன்னானே, செம சீன்!" என்கிறாள். அந்தச் செம சீன் முழுக்க இடது காதில் நடந்திருக்கிறது.

நிஜ வாழ்க்கையில் எனக்கு இந்தக் கஷ்டம் குறைவு. இடப்பக்கம் யாராவது பேசினால் சுவரில் பட்டாவது கொஞ்சம் வலது காதுக்கு வரும், போதாவிட்டால் தலையைத் திருப்பிக்கொள்வேன். ஹெட்போனில் தலையைத் திருப்பினால் கதையும் கூடவே திரும்புகிறது. தலை திரும்புவதைக் கண்டுபிடித்துச் சத்தத்தை இருந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கிற இயர்பட்ஸ் 2020-லேயே வந்துவிட்டதாம், அது எனக்கு நன்றாகவே ஒத்துவரும், ஆனால் விலை என் பென்ஷனுக்கு ஒத்துவராது.

போனில் 'மோனோ ஆடியோ' என்று ஒரு வசதி, அணுகல்தன்மை என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து கொடுத்துவிடும். என்னைப் போன்றவர்கள் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அப்படிக் கலக்கும்போது மழை, கடிகாரம், பின்னணி இசை எல்லாம் ஒரே மூட்டையாகி வசனத்தின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. இடம் வலம் பிரிந்து கிடந்தபோது தெளிவாக இருந்த பேச்சு மங்கிவிடுகிறது. கலவை செய்கிறவர் ஒருமுறை மோனோவில் போட்டுக் கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

இது என் ஒருவனுக்கான புலம்பல் என்று நினைக்க வேண்டாம். பஸ்ஸில் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக் கேட்கிறார்கள், ஆட்டோக்காரர் ஹாரன் கேட்க வேண்டும் என்று ஒரு காதைத் திறந்தே வைத்திருக்கிறார், என் மருமகள் போனை மிக்ஸி பக்கத்தில் சாய்த்து வைத்து ஸ்பீக்கரில்தான் கதை கேட்கிறாள். இவர்களுக்கும் முதுகுப் பக்கப் பேய் கிடையாது.

தொழில்நுட்பத்தை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதைக்கொண்டே சரிசெய்யலாம். இந்த அட்மாஸ் மாதிரி முறைகளில் ஒவ்வொரு சத்தத்தையும் அது இருக்கும் இடத்தோடு தனித்தனியாக வைத்துக்கொள்ள முடியும் என்கிறார்கள். அப்படியானால் வசனத்தை மட்டும் தூக்கி, மற்றதைத் தணித்துக் கேட்க வழி செய்யலாமே. பிபிசி 2019-இல் தன் மருத்துவமனைத் தொடர் ஒன்றின் ஒரு பகுதிக்கு இதைச் செய்து பார்த்தது. பார்ப்பவரே ஒரு பட்டையை நகர்த்திப் பின்னணிச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் கதைக்கு அவசியமான சத்தம் குறையாது. நம் தமிழ் ஒலிக்கதைக்காரர்கள் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் பரவாயில்லை, கதை தெரிய வேண்டிய வசனத்தை ஒரே காதில் அடைக்காமல் நடுவில் வையுங்கள், மழையை எங்கே வேண்டுமானாலும் பெய்ய விடுங்கள். (கதை சொல்பவர் "மழை கொட்டியது" என்று சொன்ன பிறகும் அரை நிமிஷம் மழையைப் போட்டுக் காட்டுகிறார்களே, எங்கள் காலத்துத் தயாரிப்பாளராக இருந்தால் இரண்டில் ஒன்றைச் சிவப்புப் பேனாவால் அடித்திருப்பார்.)

இப்போதைக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். ஒவ்வொரு பகுதியையும் ஒருமுறை ஒழுங்காகக் கேட்பது, அப்புறம் பேத்தியின் பெரிய ஹெட்போனைத் திருப்பி மாட்டி இன்னொரு முறை கேட்பது. இயர்பட்ஸில் இது நடக்காது, இடது காதுக்கு வார்த்தது வலது காதில் உட்காராமல் விழுகிறது. இப்படியே எட்டுப் பகுதி தாண்டிவிட்டேன். ஒன்பதாவதை ஒருமுறை கேட்டாயிற்று, கொலைகாரன் பெயரை இடப்பக்கம் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. பேத்தி ஹெட்போனை எடுத்துக்கொண்டு டியூஷனுக்குப் போயிருக்கிறாள், வர எட்டு மணி ஆகும்.

இப்படிக்கு,
பழைய வானொலி நாடகக் கலைஞர் ஒருவர்,
உறையூர், திருச்சி.