கதை இல்லாத படம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதமாகிறது. கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார் டாக்டர். நானோ பெருநகரங்களைப் பற்றிய பழைய குறும்படங்களைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவரிடம் சொல்லிவிடாதே.

"கதையும் கிடையாது, வசனமும் கிடையாது, அதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். நியூயார்க்கில் தூண்களின் மேல் ஓடிய மூன்றாம் அவென்யூ ரயிலையே எடுத்துக்கொள். 1955இல் மன்ஹாட்டனில் அது நின்றுபோனது. அதற்குள் அதைப் படமாக்கிவிட வேண்டும் என்று ஜோசப் கார்னெல் என்ற கலைஞர் ஆசைப்பட்டார். இளைஞரான ஸ்டான் பிராக்கேஜிடம் அந்த வேலையை ஒப்படைத்தார். 'தி ஒண்டர் ரிங்' அப்படிப் பிறந்ததுதான். அதில் துளிச் சத்தம் கிடையாது. நான் கருவிதான் பழுதோ என்று ஒலியைக் கூட்டிக்கூட்டிப் பார்த்தேன்! பிறகுதான் கண் பழகியது. ரயில் ஜன்னல் கண்ணாடியில் சின்னச் சின்ன நெளிவுகள். ரயில் நகர நகர, எதிரே இருக்கும் கட்டடங்கள் தண்ணீருக்குள் கிடப்பவை போல வளைந்து, நீண்டு, மறுபடி நிமிர்கின்றன.

அதே பாதையை 1953இல் பென்னிபேக்கர் என்ற ஆவணப்பட இயக்குநரும் படம்பிடித்திருக்கிறார். 'டேபிரேக் எக்ஸ்பிரஸ்', ஐந்தே நிமிடம். விடியலில் தொடங்கி, டியூக் எலிங்டனின் ஜாஸ் இசையோடு தடதடவென்று ஓடுகிறது. பென்னிபேக்கரின் ரயிலில் இருப்பவன் வேலைக்குப் போகிறவன். பிராக்கேஜின் ரயிலில் இருப்பவன் விடைபெற வந்தவன். உனக்கு முதலாமவனைத்தான் பிடிக்கும், தெரியும். என் ஓட்டு இரண்டாமவனுக்கு.

யோரிஸ் இவன்ஸும் மன்னுஸ் ஃபிராங்கனும் 1929இல் எடுத்த 'மழை'யையும் பார். ஆம்ஸ்டர்டாமில் ஒரு மழை வந்து பெய்து ஓய்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மழைக்காகப் பல மாதங்கள் மழைக்கெல்லாம் கேமராவோடு ஓடியிருக்கிறார்கள். கால்வாயில் முதல் துளிகள் விழும் இடத்தில் நான் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

ஆசை விடவில்லை. மகனின் பழைய கேமராவை வாங்கிக்கொண்டு பஸ் ஜன்னல் வழியாக நானும் ஐந்து நிமிடம் எடுத்தேன். மூன்று நிமிடத்துக்கு என் கட்டைவிரல்தான் கதாநாயகன். மீதி இரண்டு நிமிடத்தை நீ வரும்போது காட்டுகிறேன். கதை எங்கே என்று மட்டும் கேட்காதே.

அன்புடன்,
ராகவன்