"நம்ம லீக் எப்ப டீச்சர் தொடங்கும்?"

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு பெண்கள் பள்ளியில் பி.இ.டி. டீச்சர். 2025-இல் இந்திய மகளிர் கால்பந்து அணியின் மனிஷா கல்யாண் பெரு நாட்டின் அலியான்சா லிமா அணியில் சேர்ந்த செய்தியை எங்கள் பிள்ளைகளிடம் சொன்னேன். "லிமா எங்க இருக்கு டீச்சர்?" என்றாள் ஒருத்தி. புவியியல் டீச்சரிடம் வரைபடம் வாங்கிவந்து காட்டினேன். அடுத்து இன்னொருத்தி கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை: "நம்ம லீக் எப்ப டீச்சர் தொடங்கும்?" அவள் கேட்டது நீங்கள் நடத்தும் இந்திய மகளிர் லீக்கை. அந்தக் கேள்வியை உங்களிடம் சேர்ப்பதற்கே இந்த மடல்.

மனிஷா எங்களுக்கு வேற்றாள் இல்லை. பஞ்சாபின் ஹோஷியார்பூர் பக்கத்துக் கிராமத்துப் பெண், மதுரையின் சேது எஃப்சி 2018-19 இந்திய மகளிர் லீக்கை வென்றபோது அந்த அணியில் இருந்தார். அப்புறம் அதே லீக்கில் கோகுலம் கேரளா அணி. 2022-இல் சைப்ரஸின் அப்போலோன், பிறகு கிரீஸின் பாவோக், 2025-இல் லிமா. நடுக்களம், ஓரம் என்று எங்கே நிறுத்தினாலும் ஆடுவார்.

2022 ஆகஸ்ட் நினைவிருக்கிறதா? 16-ஆம் தேதி உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா உங்களை இடைநீக்கம் செய்தது; நம் அணிகள் எதுவும் சர்வதேசப் போட்டியில் ஆட முடியாமல் போனது. ஆசிய கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட் போய் இறங்கியிருந்த கோகுலம் பெண்கள், பூட்ஸ் கட்டாமலே திரும்பினார்கள். சரியாக இரண்டு நாள் கழித்து மனிஷா அப்போலோனுக்காக மாற்று ஆட்டக்காரியாக இறங்கி, ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியப் பெண் ஆனார். கோகுலத்திலேயே இருந்திருந்தால் அவரும் தாஷ்கண்ட் விடுதியில்தான் உட்கார்ந்திருப்பார். தடை பத்து நாளில் நீங்கியது. ஆனால் அந்தப் போட்டி போனது போனதுதான்.

நடுக்கள ஆட்டம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும். வேகத்தை மைதானத்தைச் சுற்றி ஓடி வளர்த்துக்கொள்ளலாம். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி யார் எங்கே என்று பார்த்துக்கொள்ளும் பழக்கம் ஆட்டம் ஆடித்தான் வரும். இந்தச் சனிக்கிழமை தப்பாகப் போட்ட பாஸை அடுத்த சனிக்கிழமை திருத்திக்கொள்ள ஓர் ஆட்டம் வேண்டும். பிரேசிலின் நடுக்கள ஆட்டக்காரி ஃபொர்மிகாவைப் பாருங்கள். அங்கே பெண்கள் பந்தாடச் சட்டத்தில் தடை இருந்த 1978-இல் பிறந்தவர். சுவீடன், அமெரிக்கா, பிரான்ஸ் என்று போய் ஆடி, ஏழு உலகக் கோப்பை கண்டார். 2021 நவம்பரில் மனாஸ் நகரில் அவர் விடைபெற்ற ஆட்டம் இந்தியாவுடன்தான். 6-1 என்று தோற்றோம், ஆனால் அந்த ஒரு கோல் மனிஷாவுடையது. எங்கள் பிள்ளைகள் அந்த கோலைப் போனில் எத்தனை முறை பார்த்திருப்பார்கள் என்று கணக்கில்லை.

இங்கே அந்தச் சனிக்கிழமைகள் எங்கே? 2023 லீக் மொத்தமும் அகமதாபாத்தில் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிட்டது. அடுத்த சீசனில் சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாற்றினீர்கள், அதற்கு மனமார்ந்த நன்றி. 2024-25-இல் எட்டு அணி, ஆளுக்கு 14 ஆட்டம். ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிந்தது. மீதி மாதமெல்லாம் ஒரு இருபது வயதுப் பெண் என்ன செய்வாள்? வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்க அந்த இடைவெளி தாராளமாகப் போதும். இதை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாரும் லிமாவுக்குப் போக முடியாது, போகவும் வேண்டாம். 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தை 2-1 என்று வீழ்த்தி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றோமே, இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தது. அவரும் நடுக்கள ஆட்டக்காரிதான், நம் லீக்கில் ஆடி வளர்ந்தவர்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஜூன் முடிவதற்குள் அடுத்த சீசனின் முதல் ஆட்டத் தேதியையும் கடைசி ஆட்டத் தேதியையும் அறிவித்துவிடுங்கள், அறிவித்ததை மாற்றாதீர்கள். வெளிநாட்டு அணியோடு பேசுகிறவளுக்கும், போலீஸ் வேலையில் லீவு கேட்கிறவளுக்கும், பிளஸ் டூ எழுதுகிறவளுக்கும் அந்தத் தேதி வேண்டும். ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது பற்றி அடுத்த மடலில் சண்டை போடுகிறேன்.

இப்படிக்கு,
பதில் சொல்ல முடியாமல் நின்ற ஒரு டீச்சர்