எண்ணெயில் ஓடுகிறது, சிமென்டில் ஓடவில்லை: உங்கள் என்.எம்.ஆர். கருவி பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், சேவைப் பிரிவு

ஐயா,

வணக்கம். இது என் ஆறாவது கடிதம். முந்தைய ஐந்துக்கும் ‘உங்கள் புகார் பதிவாகிவிட்டது’ என்ற ஒரே பதில்தான் வந்தது.

எங்கள் ஆய்வகத்தில் சிமென்டுக்குள் இருக்கும் நீரை அளக்க வைத்திருக்கும் உங்கள் 20 மெகாஹெர்ட்ஸ் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) மேசைக் கருவி, ஜூனில் உங்கள் ஆள் வந்து, மாதிரியிலிருந்து சிக்னலைப் பிடிக்கும் புரோபைக் கழற்றி மாட்டிய நாளிலிருந்து சரியில்லை. அதுவரை சி.பி.எம்.ஜி.யில், அதாவது ரேடியோ துடிப்புகளை வரிசையாகக் கொடுத்து நீரின் சிக்னலை எதிரொலிகளாகத் திரும்பப் பெறும் முறையில், எதிரொலி இடைவெளியை 60 மைக்ரோ விநாடி வைத்து ஓட்டினோம். இப்போது 200-க்குக் கீழே இறங்கினால் வெறும் இரைச்சல். சிமென்ட் இறுகும்போது உருவாகும் சி-எஸ்-எச் (கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட்) அடுக்குகளுக்கு இடையே உள்ள நீரின் டி2, அதாவது அதன் சிக்னல் மங்கும் நேரம், சுமார் 100 மைக்ரோ விநாடி. முதல் எதிரொலி வருவதற்குள் அதில் முக்கால்வாசிக்கு மேல் போய்விடுகிறது. கருவி வாங்கியதே அதைப் பார்க்கத்தான்.

உங்கள் ஆளோ ஒவ்வொரு முறையும் எண்ணெய் நிரப்பிய சோதனைக் குழாயைச் செருகி, அழகாக ஒரு கோடு எடுத்துக் காட்டி, “மெஷின் ஓகே சார்” என்று கையெழுத்துக் கேட்கிறார். எண்ணெயின் சிக்னல் மில்லி விநாடிக் கணக்கில் நிற்பது. அதில் இந்தக் கோளாறு தெரியாது என்று உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்?

ஆகஸ்டில் புரோபைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொன்னீர்கள். கோவையிலிருந்து இரவு பஸ்ஸில், துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பொட்டுத் தூக்கமில்லை. பதினொரு மணிக்கு வந்த உங்கள் பொறியாளர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. “சிமென்ட்தான் காஞ்சு கல்லாயிடுச்சே, அதுல ஏது தண்ணி?” என்றார். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை ஐயா, நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. 28 நாள் கழித்தும் உள்ளே தண்ணீர் இருக்கிறது. வெள்ளை சிமென்ட் என்றதும் “சுவத்துக்கு அடிக்கிறதா?” என்று வேறு கேட்டார். சாம்பல் சிமென்டில் உள்ள இரும்பு சிக்னலைக் கெடுக்கும் என்பதால்தான் வெள்ளையை எடுத்தோம். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சிமென்ட் யாருக்காகவும் காத்திருக்காது. 0.4 நீர்-சிமென்ட் விகிதத்தில் வார்த்த மாதிரிகளின் 1, 3, 7, 28-ஆம் நாள் அளவுகள் அத்தனையும் போயின. என் மூன்று ஆண்டு உழைப்பு மண்ணோடு மண்ணாகிவிட்டது.

அப்புறம், முன்பே சொல்லியிருக்க வேண்டும்: காந்தத்தின் வெப்பநிலையும் நிற்பதில்லை. ஒரு டிகிரி நகர்ந்தால் அதிர்வெண் கிட்டத்தட்ட 20 கிலோஹெர்ட்ஸ் நகர்கிறது. காலையில் சரிசெய்தது மதியம் இல்லை.

உங்களோடு சண்டை போடும் எண்ணம் எனக்கில்லை. கருவி நல்ல கருவிதான். ஆனால் பத்து நாளில் விஷயம் தெரிந்த ஒருவர் வராவிட்டால் பராமரிப்பு ஒப்பந்தத்தின் அடுத்த தவணை நிறுத்தப்படும், வழக்கறிஞர் நோட்டீஸ் வரும், நுகர்வோர் ஆணையம் வரை போவோம். தயவுசெய்து அந்த நிலைக்குத் தள்ளாதீர்கள்.

வருபவர் எண்ணெய்க் குழாயைக் கொண்டுவர வேண்டாம். சிமென்டை நாங்களே குழைத்து வைத்திருப்போம்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவர், கட்டுமானப் பொருள் ஆய்வகம், கோவை