அந்த ஷீட்டில் இல்லாத கட்டம்

ஏரல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கஷ்டப்படுகிற குடும்பங்களையும் உதவ வருகிறவர்களையும் சேர்த்துவைக்க ஒரு ஆப் செய்கிறோம், அதில் என்னென்ன வேண்டும் என்று கேட்டாயே. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 உனக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. இங்கே தாமிரபரணி ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. நீ பெங்களூரில் தூங்காமல் கூகுள் ஷீட்டில் பெயர், தெரு, போன் நம்பர், தேவை என்று ஏற்றிக்கொண்டே இருந்தாய். மதுரையிலிருந்து வந்த பிள்ளைகள் அதை பிரிண்ட் எடுத்துக்கொண்டுதான் வந்தார்கள். அது இல்லாவிட்டால் எந்தத் தெருவுக்குப் போவதென்றே தெரிந்திருக்காது. ஆனால் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. எந்த நம்பருக்கும் லைன் போகவில்லை. கடைசியில் வீடு வீடாகக் கூட்டிப்போனது அங்கன்வாடி அக்காவும் பால்காரரும்தான். அதனால் ஒவ்வொரு குடும்பத்தின் பெயருக்குப் பக்கத்திலும் ‘இவர்களை நன்றாகத் தெரிந்தவர் யார்’ என்று ஒரு கட்டம் வை.

கொடுத்து முடித்ததும், பெயரைக் காட்டாமல், அந்தத் தேவைக்கு நேரே ‘கிடைத்துவிட்டது’ என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். மெயின் ரோட்டு வீடுகளில் பிரட் மிஞ்சிப் பூஞ்சை பிடித்தது. உள்தெருவில் ஒரு கைக்குழந்தைக்குப் பால் பவுடர் வர மூன்று நாள் ஆனது.

நம் பின்தெருவில் தைக்கிற அக்காவை நினைவிருக்கிறதா? உன் ஷீட்டில் அரிசி, பருப்பு, பாய், போர்வை எல்லாம் இருந்தது. அவளிடம் கேட்டதற்கு, “எனக்கு வேண்டாம்மா, இல்லாதவங்களுக்குக் கொடுங்க” என்று சொல்லிவிட்டாள். இரண்டு தடவை கேட்டுவிட்டுப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். ஒரு வாரம் கழித்து நான் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் மிஷினைக் காட்டினாள். வீல் சுற்றவில்லை, மோட்டாருக்குள் சேறு. அவளுக்கு வேண்டியிருந்தது அரிசி இல்லை, ஒரு மெக்கானிக். நீதான் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு ஒருவரைப் பிடித்துக் கொடுத்தாய். பொங்கலுக்கு அவள் ஜாக்கெட் தைத்தாள். ஆகவே டிக் அடிக்கிற பட்டியலோடு நிறுத்திவிடாதே. எழுத வராதவர்கள் பேசி அனுப்பவும் வழி வை. அரிசி கொண்டுவருகிறவர்களைப் போலவே எலக்ட்ரீஷியன், பைக் மெக்கானிக் எல்லோரும் பெயர் கொடுக்கட்டும்.

நிவாரணப் பணம் குடும்ப அட்டையை வைத்துத்தான் வந்தது. வேறு ஊர் அட்டையோடு வாடகைக்கு இருந்தவர்கள் தவித்துப் போனார்கள். நீ ஆதார், அட்டை நம்பர் எதுவும் கேட்காதே.

வாங்கும்போது போட்டோவும் எடுக்க வேண்டாம். மூட்டையைக் கையில் கொடுத்து, கேமராவைப் பார்க்கச் சொன்னபோது ஒரு பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். இன்னும் மனசு ஆறவில்லை. பெயரும் விலாசமும் அந்த வீட்டுக்குப் போகிற ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

முதல் மாதிரி தயாரானதும் எனக்கு அனுப்பு. அங்கன்வாடி அக்காவிடம் கொடுத்து, என் உதவி இல்லாமல் அவளால் ஒரு வீட்டைப் பதிய முடிகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அவளுடைய போன் பழசு, அதையும் மனதில் வைத்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா