திருமலை வேட்பாளர்களுக்கு: ரணில் விட்டுப்போன கணக்கு

திருகோணமலை மாவட்டத்தில் 2024 நவம்பர் 14ஆம் திகதி நாடாளுமன்றத் தேர்தலில் போட்டியிடும் எல்லாக் கட்சி, சுயேச்சைக் குழு வேட்பாளர்களுக்கும் வணக்கம்.

நான்கு ஆசனங்களுக்காக வீடு வீடாக ஏறி இறங்குகிறீர்கள். வருகிறவர்களில் ஒரு சாரார், ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க நாட்டைக் காப்பாற்றினார், சனம் நன்றி மறந்துவிட்டது என்கிறீர்கள். மற்றச் சாரார், அவர் நாட்டை சர்வதேச நாணய நிதியத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்கிறீர்கள். செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் அவருக்குக் கிடைத்தது 17 வீத வாக்கு. ஆள் போய்விட்டார். அவர் கொண்டுவந்த சட்டங்களும் செய்த ஒப்பந்தங்களும் அப்படியே இருக்கின்றன. அவற்றை என்ன செய்யப் போகிறீர்கள் என்று எங்கள் வாசலுக்கு வந்த ஒருவரும் இன்னும் சொல்லவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. பன்னிரண்டரைக் கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பெற்றோல் செட்டுக்கு முன்னால் இரவிரவாக ஓட்டோவுக்குள் படுத்துக் கிடந்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். மே மாதம் பிரதமர் பதவியை விட்ட மஹிந்த ராஜபக்ஷ ஒளிய வந்த இடமும் எங்கள் ஊர்க் கடற்படை முகாம்தான். அந்த நேரத்தில் பொறுப்பை எடுக்க முன்வந்தவர் ரணில். 2020 தேர்தலில் அவருடைய கட்சிக்குக் கிடைத்திருந்தது ஒரே ஓர் ஆசனம். 2022 செப்டெம்பரில் கிட்டத்தட்ட 70 வீதத்தில் நின்ற பணவீக்கம், இரண்டு வருடம் கழித்துப் பூச்சியத்துக்கும் கீழே இறங்கியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஏறக்குறைய 300 கோடி டொலர் திட்டம் கிடைத்தது. தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னர்கூட இறைமுறி எனும் வெளிநாட்டுக் கடன் பத்திரங்களை வைத்திருப்பவர்களோடு கொள்கையளவில் உடன்பாடு கண்டுவிட்டுத்தான் போனார். வாக்குக் கொண்டுவராத வேலை என்று தெரிந்தே செய்தார். அதை நான் மதிக்கிறேன், உண்மையாகவே.

சரி, அந்த வேலையின் பாரம் யார் தலையில் இறங்கியது?

மீனவர் கரைகளான திருக்கடலூருக்கோ சல்லிக்கோ விடியக்காலையில் போய்ப் பாருங்கள். சின்ன ஃபைபர் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது. ஒரு ஓட்டத்துக்கு 25 லீற்றர் என்று வைத்துக்கொண்டால், 2,175 ரூபாயாக இருந்த செலவு 8,500 ஆனது. பங்குமுறை கரைக்குக் கரை கொஞ்சம் மாறும். ஆனால் எங்கும் எண்ணெய்க் காசைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பிரிப்பார்கள். ஆகவே விலையேற்றம் முதலில் தின்றது கூலிக்குக் கடலுக்குப் போகிறவனின் பங்கைத்தான். மீன் குறைந்த நாளில் அவன் கையில் கறிக்கு நாலு மீனைத் தவிர வேறெதுவும் மிஞ்சவில்லை.

மலிவு மண்ணெண்ணெயைச் சிலர் டீசலில் கலந்து லாபம் பார்த்தார்கள், அரசுக்கு நட்டம் என்பது அரசாங்கம் சொன்ன காரணம். காரணம் சரிதான். விலையைக் கூட்ட வேண்டியிருந்தால் கூட்டட்டும். கடற்றொழிலாளிக்கான நிவாரணம் விலையோடு சேர்ந்தே கரைக்கு வந்திருக்க வேண்டும். 2024 ஒக்டோபரில் மண்ணெண்ணெய் 183க்கு இறங்கியது, அதுவும் பழைய விலையின் இரண்டு மடங்குக்கும் மேல். புதிய அரசாங்கம் அதே ஒக்டோபரில் மீன்பிடிப் படகுகளுக்கு எரிபொருள் மானியம் அறிவித்தது, நல்லது. அது எவ்வளவு காலத்துக்கு, பதிவில்லாத சின்னப் படகுகளுக்கு என்ன வழி என்று கேட்க எங்களுக்கு ஆள் வேண்டும்.

அடுத்தது ஊழியர் சேமலாப நிதியம். 2023 ஜூலை முதலாம் திகதி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை நாடாளுமன்றம் அங்கீகரித்தது. வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசு கடன் வாங்கக் கொடுத்த பத்திரங்களை, தொடவில்லை. தொட்டால் வங்கிகள் சாயும் என்றார்கள். கை வைத்தது ஓய்வூதிய நிதிகளில். பழைய முறிகளைப் புதிய முறிகளாக மாற்றிக்கொள்ளாவிட்டால் நிதியத்தின் வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீத வரி என்று சட்டமும் வந்தது. சீனக்குடாத் தொழிற்சாலைகளிலும் நிலாவெளி ஹோட்டல்களிலும் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுக் கொடுக்கிற எங்கள் பிள்ளைகளின் பணம் அது. அவர்களைக் கூப்பிட்டு ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

இனி, நீங்கள் கட்டாயம் வாசிக்க வேண்டிய ஒரு சட்டம். 2024இன் அரச நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி நீங்கலான அரச செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 வீதத்துக்குள் கட்டுப்படுத்துகிறது. கண்மண் தெரியாமல் செலவழித்து நொந்த நாட்டுக்கு இப்படி ஒரு கடிவாளம் தேவை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த 13 வீதத்துக்குள் யாருக்கு எவ்வளவு என்று சட்டம் சொல்லாது. சம்பளத்தை வெட்ட முடியாது, ஓய்வூதியத்தை வெட்ட முடியாது. இலகுவாக வெட்டுப்படுவது பாலமும் வீதியும் ஆஸ்பத்திரிக் கட்டடமும்தான். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் பலியானார்கள். பாலம் கட்டி முடியாததால்தான் அவர்கள் அதில் ஏற வேண்டியிருந்தது. மூன்று வருடம் நெருங்கிய 2024 தேர்தல் நேரத்திலும் பாலம் முடியவில்லை. நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் வரும்போது இந்த மாவட்டத்து உறுப்பினர் முதலில் வாய் திறக்க வேண்டியது அந்தப் பாலத்துக்காக.

அப்புறம் எண்ணெய்க் குதங்கள், சீனக்குடாவில் இருக்கிற பெரிய எண்ணெய்த் தாங்கிகள். 2003இல் ரணில் பிரதமராக இருந்தபோதுதான் இந்திய எண்ணெய் நிறுவனம் இங்கே கால் வைத்தது. 2022 ஜனவரியில், அவர் பதவியில் இல்லாத நேரத்தில், 99 தாங்கிகள் பங்கு பிரிக்கப்பட்டன: 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய நிறுவனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த புதிய கம்பனிக்கு. 2023 ஜூலையில் அவர் டெல்லி போனபோது வெளியான கூட்டு ஆவணம் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவோம் என்றது. குழாய்வழி, துறைமுகம், கைத்தொழில் என்று பெரிய பெரிய பேச்சு. முதலீடு வரட்டும், எங்கள் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஆனால் எந்தக் காணி, யாருடைய வயல், எந்தக் கரை என்று எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. அனல்மின் நிலையத்துக்கென்று ஒதுக்கிய காணிக்காகச் சம்பூர் மக்கள் எத்தனை வருடம் முகாம்களில் கிடந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 2016இல் அந்த நிலையமே கைவிடப்பட்டது.

கேட்பதற்கு ஊர்ச் சபையும் இருக்கவில்லை. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைக் காசில்லை என்று தள்ளிப்போட்டதும் ரணிலின் அரசாங்கம்தான். 2024 தேர்தல் நேரத்திலும் நகரசபையும் பிரதேச சபைகளும் அதிகாரிகள் கையில்தான் இருந்தன.

ஆகவே, கூட்டம் போடும்போது ரணில் நல்லவரா கெட்டவரா என்று எங்களுக்கு விளக்க வேண்டாம். மூன்று விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள். எரிபொருள் விலை திரும்ப ஏறினால் கடற்றொழிலாளிக்கு நிவாரணம் அதே நாளில் கிடைக்க நாடாளுமன்றத்தில் என்ன செய்வீர்கள்? 13 வீதத்துக்குள் குறிஞ்சாக்கேணிப் பாலத்துக்கு எப்படிக் காசு வாங்குவீர்கள்? எரிசக்தி மையம் தொடர்பான ஒப்பந்தங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடச் சொல்லிக் கேட்பீர்களா? இந்த மடலைப் பிரதி எடுத்து எல்லாக் கட்சி அலுவலகங்களுக்கும் அனுப்புகிறேன். பதிலை எழுத்தில் தந்தால் வாக்களிப்புக்கு முன் அயலில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
திருகோணமலை வாக்காளர் ஒருவர்