போர்டுக்கு யார் பொறுப்பு?

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் சேர்ந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், உமா தனியாகப் போன் செய்வாள். இங்கே அனைவரும் சௌக்கியம், என் முட்டிவலி மட்டும் போன வருஷம் போலவே.

சரி, உன் பம்ப் கண்ட்ரோலருக்கு வருகிறேன். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது அதிலுள்ள ஈஎஸ்பி32 போர்டு, அதாவது அந்த வைஃபை கண்ட்ரோலர் சிப் வைத்த போர்டு, ரீசெட் ஆகிறது, பணம் கொடுத்தாவது கம்பெனி சர்வீஸ் மாதிரி ஒன்று வாங்க முடியாதா என்று கேட்டிருந்தாய். முடியும், ஆனால் போர்டுக்கென்று யாரும் தரமாட்டார்கள். சென்னை ரிச்சி தெருவில் நீ வாங்கியதை யார் செய்தார்கள் என்று விற்றவருக்கே தெரியாது. குவால்காம் 2025 அக்டோபரில் ஆர்டுயினோ என்ற போர்டு கம்பெனியை வாங்குவதாக அறிவித்ததை வைத்து நீ ஏதோ நம்பிக்கொண்டிருக்கிறாய், அதெல்லாம் இந்த போர்டை எட்டிக்கூடப் பார்க்காது. சிப்பைச் செய்வது ஷாங்காயில் இருக்கும் எஸ்பிரெசிஃப், அவர்களுக்கு எழுதிக் கேட்கலாம், சிப்பைப் பற்றியும் அதற்கு புரோகிராம் எழுத அவர்கள் தரும் ஈஎஸ்பி-ஐடிஎஃப் என்ற மென்பொருள் தொகுப்பு பற்றியும். ஐடிஎஃப்பின் ஒவ்வொரு நிலையான பதிப்பையும் 30 மாதம் கவனித்துக்கொள்கிறார்கள், அதனால் விலைக்கு விற்கிற பொருளை அதில் எழுதுவதுதான் நல்லது என்பேன், வேலை கூடும் என்றாலும். நீ போட்டிருக்கும் சென்சார் லைப்ரரி கதை வேறு, யாரோ ஒரு புண்ணியவான் ராத்திரி உட்கார்ந்து எழுதிச் சும்மா கொடுத்தது, எந்த உத்தரவாதமும் இல்லை என்று லைசென்ஸிலேயே இருக்கும். அவரிடம் போய் வாடிக்கையாளர் திட்டுகிறார், அவசரம் என்றால் அவர் என்ன செய்வார்?

ஆனால் உன் கோளாறு சிப்பிலும் இல்லை, லைப்ரரியிலும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ரீசெட் ஆகும்போது சீரியல் மானிட்டரில் பிரவுன்-அவுட், அதாவது வோல்டேஜ் இறங்கிவிட்டது, என்று வருகிறதா பார். வந்தால் சப்ளை தள்ளாடுகிறது, டேட்டாஷீட் குறைந்தது 500 மில்லி ஆம்பியர் தரும் சப்ளையைக் கேட்கிறது, வைஃபை அனுப்பும் நேரத்தில் சட்டென்று இழுக்கும். வரவில்லையென்றால் மோட்டாரைப் போட்டு அணைக்கும் கான்டாக்டரின் காயில் கிளப்பும் நாய்ஸ் மேல்தான் முதல் சந்தேகம். ஏசி காயில்தானே, அந்த நாய்ஸை அடக்க அதற்குக் குறுக்கே ஒரு ஆர்சி ஸ்னப்பர், அதாவது ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்தது, போட்டிருக்கிறாயா? போர்டுக்குப் போகிற வயரும் மோட்டார் வயரும் ஒரே டக்ட்டில் ஓடுகின்றனவா? இதையெல்லாம் ஷாங்காயிலிருந்து எவரும் பார்க்க முடியாது. நீ இருப்பதே கோயமுத்தூரில், மோட்டார் ஸ்டார்ட்டருக்கு கார்டு டிசைன் செய்து பழகியவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள், அப்படி ஒருவருக்கு ஒரு நாள் ஃபீஸ் கொடுத்து சர்க்யூட்டையும் பிசிபியையும் பேனலோடு காட்டு. நீ தேடுகிற சப்போர்ட் அதுதான், கஞ்சத்தனம் பண்ணாதே.

யாரிடம் போனாலும் 2000 வரி புரோகிராமை அப்படியே நீட்டாதே. ரிலேயை மட்டும் போட்டு அணைக்கும் சின்ன புரோகிராம் ஒன்று எழுதி, அதிலும் ரீசெட் வருகிறதா என்று பார்த்துவிட்டு, பதிப்பு எண், பூட் ஆனதிலிருந்து முழு லாக், சர்க்யூட் மூன்றையும் சேர்த்துக் கொடு. வேலை செய்யவில்லை என்று மொட்டையாகச் சொன்னால் காசு வாங்குபவருக்கும் எரிச்சல்தான் வரும்.

அப்புறம், பேனல் கதவைத் திறந்து உள்ளே தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு, எர்த் வயர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ரவி