அப்பாவுக்கு, ஒரு பழைய கார்டைப் பற்றி

பிட்ஸ்பர்க்,
அக்டோபர் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. போன வாரம் போனில், “ஒரு அட்டைக்கா 180 டாலர்?” என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். பேச்சில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

அது 1957-இல் டாப்ஸ் கம்பெனி போட்ட, பேஸ்பால் வீரர் படமும் பெயரும் உள்ள கார்டு. சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். பபிள்கம் பாக்கெட்டில் வைத்து விற்றார்கள். பையன்கள் அதைச் சைக்கிள் சக்கரக் கம்பியில் துணி கிளிப்பால் மாட்டி, படபடவென்று சத்தம் வர ஓட்டுவார்களாம். மிச்சம் இருந்ததையும் வீடு ஒழிக்கும்போது அம்மாக்கள் குப்பையில் போட்டுவிட்டார்கள். தப்பிப் பிழைத்தவைக்குத்தான் இன்று இந்த விலை. இந்த ஊர் அணியின் பழைய வீரர் ஹோனஸ் வாக்னரின் சிகரெட் பெட்டிக் கார்டு ஒன்று 2022-இல் 72 லட்சம் டாலருக்கு மேல் போனது. அது நமக்கு எட்டாது.

என்னிடம் இருப்பது ரொபெர்ட்டோ கிளெமெண்டேயின் கார்டு. போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்து 1955 முதல் 18 வருடம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கே ஆடியவர். கார்டில் ஒரு மூலை தேய்ந்து உருண்டிருக்கிறது. தோளுக்குக் குறுக்கே ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது. அதனால்தான் என் கைக்கு எட்டியது. மடிப்பில்லாததற்கு விலை இன்னும் அதிகம்.

இதற்கு முன் ஒன்றை வாங்கி ஏமாந்தேன். மறுபதிப்பை அசல் என்று விற்றுவிட்டார்கள். அப்புறம் ஒரு பெரியவர் பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அசலில் படம் புள்ளி புள்ளியாக இருக்கும், ஆனால் எழுத்து புள்ளியில்லாமல் முழு மையில் இருக்கும். பழைய கார்டைப் படம் பிடித்து அச்சடித்ததில் எழுத்தும் புள்ளியாக உடைந்திருக்கும். இந்தத் தடவை எழுத்தைத்தான் முதலில் பார்த்தேன்.

அந்த எழுத்தில்தான் விஷயமே இருக்கிறது அப்பா. முதல் இரண்டு வருடக் கார்டில் ரொபெர்ட்டோ என்று போட்டவர்கள், 1957-இல் ‘பாப் கிளெமெண்டே’ என்று அமெரிக்கப் பெயராக மாற்றிவிட்டார்கள். 1969 வரை அப்படியே அச்சடித்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை, ரொபெர்ட்டோ என்றே கூப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய இங்கிலீஷ் உச்சரிப்பைக்கூட அப்படியே கொச்சையாகப் பத்திரிகையில் போட்டார்கள். அவர் முழுப்பெயர் ரொபெர்ட்டோ கிளெமெண்டே வாக்கர். அப்பா வழிப் பெயர், அம்மா வழிப் பெயர் இரண்டும் அதில் உண்டு. எனக்கு இங்கே உங்கள் பெயர்தான் குடும்பப் பெயர். ஆஸ்பத்திரியில் உங்கள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், நான்தான் எழுந்து போகிறேன்.

1972 டிசம்பரில் நிகராகுவாவில் பூகம்பம் வந்தது. அவர் அனுப்பிய நிவாரணப் பொருள் ஜனங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டு, 31-ஆம் தேதி இரவு அவரே விமானத்தில் ஏறினார். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் விமானம் கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவே இல்லை. 38 வயது. அந்த செப்டம்பரில்தான் மூவாயிரமாவது ஹிட் அடித்திருந்தார். பந்தை அடித்துவிட்டு முதல் தளத்தையாவது ஓடி எட்டினால் அது ஒரு ஹிட். கணக்கு அதோடு நின்றுவிட்டது. ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆன பிறகுதான், சிறந்த பேஸ்பால் வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ப்பார்கள். அவருக்காக அந்த விதியைத் தள்ளிவைத்து 1973-லேயே சேர்த்தார்கள். நான் ஆபீசுக்கு நடந்து போகும் மஞ்சள் பாலத்துக்கு அவர் பெயர்தான்.

நான் கார்டை வாங்கியதற்குக் காரணம் இன்னொன்று. 1971 வேர்ல்ட் சீரீஸில், அதாவது அந்த வருட பேஸ்பால் இறுதிப் போட்டித் தொடரில், பைரேட்ஸ் ஜெயித்தது, சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். டிவிக்காரர் மைக்கை நீட்டியதும், இங்கிலீஷில் பேசுவதற்கு முன்னால் ஸ்பானிஷில் இரண்டு வரி சொன்னார். தன் பிள்ளைகளுக்கு ஆசி சொல்லிவிட்டு, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவிடம் ஆசீர்வாதம் கேட்டார். அமெரிக்கா முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

கார்டின் போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் தீப்பெட்டிப் படம் ஒட்டிச் சேர்த்த நோட்டைக் கரையான் அரிக்காமல் மேல் அலமாரிக்கு மாற்றிவிடுங்கள். தை மாதம் வரும்போது கார்டையும் கொண்டுவருகிறேன், இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.

உங்கள் அன்பு மகன்